டேட்டாபேஸை வெளி ரெப்போவிலிருந்து நிறுவுவது: சாவியில் தொடங்கி நீக்கும் வரை

டெபியன் 12 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவில் (விநியோகத்தில்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கேட்டால் பதிப்பு 15 கிடைக்கும். உபுண்டு 22.04-இல் 14, 24.04-இல் 16. நீங்கள் எழுதும் அப்ளிகேஷனோ 17-இல் வந்த ஒரு வசதியை நம்பி இருக்கிறது, அல்லது பழைய சர்வரிலிருந்து எடுத்த டம்ப் (தரவின் நகல் கோப்பு) 17-இலிருந்து வந்தது. இந்த இடத்தில்தான் எல்லோரும் வெளி ரெப்போ பக்கம் திரும்புகிறோம், அதாவது டிஸ்ட்ரோ தராத பேக்கேஜ்களை மென்பொருளை உருவாக்குபவர்களே தரும் களஞ்சியத்தின் பக்கம்.

சேர்ப்பது ஐந்து நிமிட வேலை, உண்மையிலேயே சுலபம். ஆனால் ஒரு பேக்கேஜ் நிறுவப்படும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்கள் ரூட் அனுமதியோடு, அதாவது கணினியின் மேல் முழு அதிகாரத்தோடு, ஓடுகின்றன. அதனால் ரெப்போவைச் சேர்ப்பது என்பது, அதை நடத்துபவருக்கு அந்த சர்வர் உயிரோடு இருக்கும் வரை ரூட் அனுமதி கொடுப்பதற்குச் சமம். இதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

முதலில்: வெளி ரெப்போ தேவையா?

ஏபிடி என்பது டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி. அதில் 'ஏபிடி பாலிசி போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' என்று அடித்துப் பாருங்கள். டிஸ்ட்ரோவில் என்ன பதிப்பு இருக்கிறது, எந்த ரெப்போவிலிருந்து வருகிறது, அதன் முன்னுரிமை எண் என்ன என்று மூன்று வரியில் சொல்லிவிடும். அங்கே இருக்கும் பதிப்பு உங்கள் வேலைக்குப் போதும் என்றால் அதையே நிறுவுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை டிஸ்ட்ரோ குழுவே கொண்டுவந்து சேர்க்கும், நீங்கள் எதையும் கவனிக்க வேண்டாம். 'புதியது' என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது என்றால் சரி. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு மேஜர் பதிப்புக்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு, ஆண்டுக்கு ஒரு மேஜர் பதிப்பு வருகிறது. அப்படியென்றால் பழைய சர்வரில் புதுப் பதிப்பும் புதிய சர்வரில் பழைய பதிப்பும் தேவைப்படுவது அன்றாட நிலைமை. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸின் விஷயம் வேறு. 2018 அக்டோபரில் அதன் உரிமத்தை எஸ்எஸ்பிஎல் என்று மாற்றிய பிறகு டெபியன், ஃபெடோரா, ரெட்ஹேட் ஆகியவை அதைத் தங்கள் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டன. அங்கே வெளி ரெப்போதான் வழி.

நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் வரும் பிழைச்செய்திகளில் பாதி இங்கேயிருந்துதான் வருகின்றன.

ஏபிடி ரெப்போ ஒவ்வொன்றிலும் 'இன்ரிலீஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் பேக்கேஜ் பட்டியல்களின் ஹாஷ் எண்கள் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்கள்) இருக்கும், அந்தக் கோப்பு ரெப்போ உரிமையாளரின் ஜிபிஜி சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் கோப்பின் (பேக்கேஜ் கோப்பின்) ஹாஷும் இருக்கும். சங்கிலி இதுதான்: சாவி இன்ரிலீஸைச் சரிபார்க்கிறது, இன்ரிலீஸ் பட்டியலை, பட்டியல் பேக்கேஜை. எனவே சாவி தவறானது என்றால் மற்ற எல்லாமே வீண். எச்டிடிபிஎஸ் முகவரி என்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. அது வழியில் யாரும் ஒட்டுக் கேட்காமலும் மாற்றாமலும் காக்கும், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் 'ஏபிடி-கீ ஆட்' என்று சாவியைச் சேர்ப்போம். இன்னும் பல பழைய வழிகாட்டிகளில் அது இருக்கிறது, பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அப்படிச் சேர்த்த சாவி உங்கள் கணினியில் உள்ள எல்லா ரெப்போக்களுக்கும் செல்லும்: மோங்கோவின் சாவியால் கையொப்பமிட்டு யாராவது டெபியனின் ரெப்போ போலக் காட்டினாலும் ஏபிடி ஏற்றுக்கொள்ளும். டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே இல்லை. இப்போதைய முறையில் சாவியை /இடிசி/ஏபிடி/கீரிங்ஸ் அடைவில் தனிக் கோப்பாக வைத்து, ரெப்போ வரியில் 'சைன்டு-பை' என்று அந்தக் கோப்பின் பாதையைச் சொல்கிறோம். அந்தச் சாவி அந்த ரெப்போவுக்கு மட்டும்.

இங்கே இரண்டு சின்ன விஷயம், ஆனால் மணிக்கணக்கில் நேரத்தைத் தின்பவை. சாவிக் கோப்பு எழுத்து வடிவில் இருந்தால் பெயர் 'ஏஎஸ்சி' என்று முடிய வேண்டும், பைனரி என்றால் 'ஜிபிஜி' என்று. மாற்றி வைத்தால் ஏபிடி கோப்பைப் புறக்கணித்துவிட்டு 'நோ பப்கீ' என்று கத்தும், நீங்கள் சாவி தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்குவீர்கள். அடுத்தது அனுமதி. ரூட்டின் யூமாஸ்க் (புதுக் கோப்புகளின் அனுமதியை முடிவுசெய்யும் அமைப்பு) இறுக்கமாக இருக்கும் சர்வர்களில் சாவிக் கோப்பு 600 என்று, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கும்படி, உருவாகும். ஏபிடி தன் வேலையைத் தனிப் பயனராகச் செய்வதால் அதற்கு அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. எல்லோரும் படிக்கும்படி 644 ஆக்குங்கள், பிழை மறைந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ்: டெபியன், உபுண்டுவில்

வெளி ரெப்போக்களில் எனக்கு மிகவும் பிடித்தது போஸ்ட்கிரெஸ் திட்டமே நடத்தும் பிஜிடிஜி ரெப்போதான், ஏனென்றால் டெபியனில் போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ் செய்யும் முறையையே அதுவும் அப்படியே பின்பற்றுகிறது. கோப்பு இருக்கும் இடம், சர்வீஸ் பெயர், கருவிகள் எல்லாம் ஒன்றுதான், புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை.

சாவியை எங்கிருந்தோ இறக்கித் தேட வேண்டியதும் இல்லை. டிஸ்ட்ரோவின் சொந்த ரெப்போவில் இருக்கும் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-காமன்' பேக்கேஜை நிறுவுங்கள். அதற்குள் /யூஎஸ்ஆர்/ஷேர்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-காமன்/பிஜிடிஜி என்ற அடைவில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும், அதை சூடோவோடு ஓட்டினால் சாவியும் ரெப்போ வரியும் சேர்ந்துவிடும். டிஸ்ட்ரோ கையொப்பமிட்ட பேக்கேஜுக்குள்ளேயே சாவி வருவதால் நம்பிக்கைச் சங்கிலி எங்கும் அறுபடுவதில்லை. இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி நேராக பாஷுக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட் போன்றவற்றில் மட்டும் ஒரு கணம் நில்லுங்கள். ரெப்போ வரியில் 'நோபிள்-பிஜிடிஜி' போல உபுண்டுவின் குறிப்பெயர் வர வேண்டும், மின்டின் பெயர் போனால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று 404 வரும். /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் 'உபுண்டு கோட்நேம்' என்ற வரியைப் பார்த்து அந்தப் பெயரைக் கையால் எழுதிவிடுங்கள்.

அப்புறம் 'சூடோ ஏபிடி அப்டேட்'. பிறகு நிறுவ வேண்டியது 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-17'. எண்ணோடு. வெறும் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' என்று மட்டும் நிறுவாதீர்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

எண்ணில்லாத அந்தப் பெயர் உண்மையில் ஒரு வெற்றுப் பேக்கேஜ். 'இப்போதைக்கு எது புதிய மேஜர் பதிப்போ அதைக் கொண்டு வா' என்பதே அதன் பொருள். டிஸ்ட்ரோ ரெப்போவில் அது ஆயுள் முழுக்க ஒரே எண்ணைக் காட்டும், பிஜிடிஜியிலோ ஒவ்வோர் ஆண்டும் நகரும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் இதுதான் நடந்தது. 16 ஓடிக்கொண்டிருந்தது, வழக்கமான 'ஏபிடி அப்கிரேடு' ஒன்றுக்குப் பிறகு கிளஸ்டர்களை, அதாவது தனித் தரவு அடைவுள்ள டேட்டாபேஸ் சர்வர்களை, பட்டியலிடும் 'பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளையை அடித்தால் இரண்டு வரி வந்தது. 16 மெயின், 5432 போர்ட், ஆன்லைன். கீழே 17 மெயின், 5433 போர்ட், அதுவும் ஆன்லைன். அப்ளிகேஷன் எப்போதும்போல் 5432-இல் பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. உடன் இருந்தவர், '16 பழசுதானே, இடம் அடைக்குது, எடுத்துடலாமா?' என்று கேட்டார். கிளஸ்டரை அழிக்கும் ட்ராப் கட்டளையைத் தட்டச்சு செய்தும் வைத்திருந்தார். 'இருங்க, முதல்ல ரெண்டு அடைவும் எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பாப்போம்' என்றேன். /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அடைவில் 'டியூ' கட்டளையை ஓட்டினோம். 17 சில பத்து எம்பி, 16 பல ஜிபி. தரவு முழுக்க 16-இல்தான் இருந்தது. 17 காலியான புது கிளஸ்டர், பேக்கேஜ் வந்தவுடன் தானே உருவானது. என்டர் தட்டியிருந்தால் அவ்வளவுதான்.

பேக்கேஜ் வந்தவுடன் கிளஸ்டர் தானாக உருவாகக் கூடாது, தரவு அடைவை வேறு டிஸ்கில் வைக்கப் போகிறேன் என்றால், நிறுவுவதற்கு முன்பே /இடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-காமன் அடைவில் உள்ள 'கிரியேட்கிளஸ்டர்' கோப்பில் மெயின் கிளஸ்டர் வரியை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடுங்கள். பிறகு 'பிஜி கிரியேட்கிளஸ்டர்' கட்டளையில் உங்களுக்குப் பிடித்த பாதையைச் சொல்லலாம். நிறுவி முடித்து, தரவு சேர்ந்த பிறகு இடம் மாற்றுவதைவிட இது நூறு மடங்கு நிம்மதி.

எங்கிருந்து வந்தது என்று உறுதி செய்ய மறுபடி 'ஏபிடி பாலிசி'. பதிப்பு எண்ணின் வாலில் 'பிஜிடிஜி' என்ற எழுத்துகள் இருந்தால் வெளி ரெப்போவிலிருந்து வந்தது. இல்லையென்றால் டிஸ்ட்ரோவினுடையது.

ரெட்ஹேட் குடும்பத்தில்

ராக்கி, ஆல்மா, ரெட்ஹேட் 8, 9 ஆகியவற்றில் ஒரு கூடுதல் படி, இதை விட்டவர்கள்தான் 'பேக்கேஜே இல்லை என்கிறது' என்று தவிப்பார்கள். அந்தப் பதிப்புகளில் டிஸ்ட்ரோவே போஸ்ட்கிரெஸை 'மாட்யூல்' ஆக வைத்திருக்கிறது, அது வெளி ரெப்போவின் பேக்கேஜ்களை மறைத்துவிடும். பிஜிடிஜியின் ரெப்போ ஆர்பிஎம்மை (இந்தக் குடும்பத்தின் பேக்கேஜ் கோப்பு) நிறுவியதும், இங்கே ஏபிடிக்குப் பதிலாக உள்ள டிஎன்எஃப் கருவியில் 'டிஎன்எஃப் மாட்யூல் டிசேபிள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' கொடுங்கள். அப்புறம்தான் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்17-சர்வர்' கண்ணுக்குத் தெரியும். பதிப்பு 8-இல் மைஎஸ்க்யூஎல்லுக்கும் இதே கதைதான்.

நிறுவும்போது டிஎன்எஃப் சாவியின் கைரேகை எண்ணைக் காட்டி, ஏற்கலாமா என்று கேட்கும். கை தானாக 'ஒய்' தட்டும், எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ரெப்போ நடத்துபவரின் தளத்தில் அதே எண் இருக்கிறதா என்று ஒரு முறை ஒப்பிடுங்கள், அரை நிமிடம் ஆகும்.

டெபியனில் நிறுவியவுடன் சர்வர் தானே ஓடத் தொடங்கும், இங்கே அப்படி இல்லை. பைனரிகள் /யூஎஸ்ஆர்/பிஜிஎஸ்க்யூஎல்-17 அடைவில் போய் உட்காரும், அங்குள்ள செட்டப் கட்டளையில் 'இனிட்டிபி' கொடுத்த பிறகே தரவு அடைவு உருவாகும். அப்புறம் சிஸ்டம்சிடிஎல் மூலம் 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-17' சர்வீஸை எனேபிள் செய்து தொடங்க வேண்டும். சர்வீஸ் பெயரிலும் எண் இருக்கிறது, கவனியுங்கள்.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, மோங்கோ

மைஎஸ்க்யூஎல் ரெப்போ, 'மைஎஸ்க்யூஎல்-ஏபிடி-கான்ஃபிக்' என்ற ஒரு டெப் கோப்பாக வருகிறது. நிறுவினால் நீலத் திரையில் எந்தத் தொடர் வேண்டும் என்று கேட்கும். நீண்ட காலம் ஓட வேண்டிய சர்வர் என்றால் 2024-இல் வந்த 8.4 எல்டிஎஸ் (நீண்ட ஆதரவு) தொடரைத் தேர்ந்தெடுங்கள், குறுகிய ஆதரவுள்ள 'இன்னோவேஷன்' தொடர் வேண்டாம். பின்னால் மாற்ற 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்' போதும். கவனிக்க வேண்டியது சாவியின் காலாவதி. ரெப்போ சாவிகளுக்கு முடிவு நாள் உண்டு. அந்த நாளில் நீங்கள் எதையும் தொடாமலேயே 'ஏபிடி அப்டேட்' பிழை தரத் தொடங்கும், பிழையில் 'எக்ஸ்ப்கீசிக்' என்ற சொல் இருக்கும். அப்போது கையொப்பச் சோதனையையே அணைக்கச் சொல்லும் ஆலோசனைகள் தேடலில் நிறைய வரும், ஒருபோதும் செய்யாதீர்கள். புதிய கான்ஃபிக் டெப்பை இறக்கி நிறுவினால் புதுச் சாவி வந்துவிடும்.

மரியாடிபி ஒரு ஸ்கிரிப்ட் தருகிறது, அதில் சர்வர் பதிப்பை வெளிப்படையாகக் குறிப்பிடலாம். 10.11, 11.4 போன்ற நீண்ட ஆதரவுத் தொடரைக் குறிப்பிடுங்கள். ஸ்கிரிப்டைக் கோப்பாக இறக்கி, ஒரு தடவை கண்ணோட்டமாகப் படித்து, அப்புறம் ஓட்டுங்கள். மரியாவும் மைஎஸ்க்யூஎல்லும் தரவுக்கு ஒரே /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் அடைவைப் பயன்படுத்துகின்றன, ஆனால் மைஎஸ்க்யூஎல் 8 எழுதிய அடைவை மரியா அப்படியே திறக்காது. ஒன்றின் மேல் மற்றொன்றை நிறுவிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், முதலில் டம்ப் எடுங்கள்.

மோங்கோவில் ஒவ்வொரு தொடருக்கும் தனி ரெப்போ, தனிச் சாவி. 7.0 ரெப்போவைச் சேர்த்தவருக்கு 8.0 தானாக வரவே வராது, இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மேலேறும்போது ஒரு மேஜராக ஒரு மேஜராகத்தான் ஏற வேண்டும், 6-இலிருந்து நேரே 8-க்குத் தாவ முடியாது. பேக்கேஜ் பெயர் 'மோங்கோடிபி-ஓஆர்ஜி'. 5.0-இலிருந்து இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஏவிஎக்ஸ் வசதி உள்ள சிபியு தேவை. பழைய கணினியிலோ சில மெய்நிகர் கணினிகளிலோ நிறுவல் நன்றாக முடியும், சர்வீஸ் தொடங்கியவுடன் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும். பேக்கேஜில் தவறில்லை, 'எல்எஸ்சிபியு' அடித்து ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரெப்போவுக்கு வேலி போடுவது

'சைன்டு-பை' இருந்தால் ஒரு ரெப்போவின் சாவி வேறு ரெப்போவுக்குச் செல்லாது. ஆனால் அந்த ரெப்போவே 'பாஷ்' என்ற பெயரில் பெரிய பதிப்பு எண்ணோடு ஒரு பேக்கேஜை வைத்தால்? ஏபிடி அதை ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் எல்லா ரெப்போவுக்கும் இயல்பு முன்னுரிமை 500, எண் சமமாக இருந்தால் பெரிய பதிப்பே ஜெயிக்கும். கெட்ட எண்ணம் இல்லாமலேயே இப்படி நடக்கலாம், ரெப்போக்காரர் தனக்குத் தேவையான ஒரு லைப்ரரியின் புதுப் பதிப்பைச் சேர்த்து வைத்திருப்பார்.

இதற்கு /இடிசி/ஏபிடி/பிரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு சிறு கோப்பு போதும். அந்த ரெப்போவின் முகவரிக்கு எல்லாப் பேக்கேஜுக்குமாக முன்னுரிமை 100 கொடுங்கள், வேண்டிய டேட்டாபேஸ் பேக்கேஜ்களுக்கு மட்டும் 500. டிஸ்ட்ரோவில் இருக்கும் எதையும் அது தள்ளிவிட முடியாது. ஆனால் பிஜிடிஜிக்கு இதைச் செய்தால், போஸ்ட்கிரெஸுடன் பேச மற்ற நிரல்கள் பயன்படுத்தும் 'லிப்பிக்யூ5' லைப்ரரியையும் 500 பட்டியலில் சேருங்கள், புதிய கிளையன்ட் பேக்கேஜ்கள் புதிய லிப்பிக்யூவைக் கேட்கும், இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நிற்கும்.

புதுப்பித்தல் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 'அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ்' போட்டிருக்கிறேன், எல்லாம் தானாக வந்துவிடும் என்று. வராது. அதன் இயல்பு அமைப்பில் டிஸ்ட்ரோவின் சொந்த ரெப்போக்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கும். வெளி ரெப்போவிலிருந்து போட்ட போஸ்ட்கிரெஸ், நீங்களாக அப்கிரேடு கொடுக்காத வரை நிறுவிய அன்றைய நிலையிலேயே நிற்கும். தானாக வர வேண்டுமென்றால் அனுமதிப் பட்டியலில் அதன் 'ஆரிஜின்' பெயரைச் சேர்க்க வேண்டும். என் கருத்து: சேர்க்காதீர்கள், ஏனென்றால் புதுப்பிக்கும்போது டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆகும். பேக்கேஜ் புதுப்பிக்கப்படாமல் நிறுத்தி வைக்கும் 'ஏபிடி-மார்க் ஹோல்டு' போட்டு வைத்து, போஸ்ட்கிரெஸின் மைனர் வெளியீடு வரும்போது நீங்களே நேரம் குறித்து ஹோல்டை எடுத்துப் புதுப்பியுங்கள். அதற்கு நாள்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள், ஹோல்டு போட்டு மறந்துபோனால் அது இன்னும் மோசம்.

ஓஎஸ்ஸை மேம்படுத்தும் நாள்

உபுண்டுவின் வெளியீட்டு மேம்பாடு வெளி ரெப்போக்களை முடக்கிவிட்டுத்தான் தொடங்கும். முடிந்த பிறகு நீங்கள்தான் புதிய குறிப்பெயரோடு மறுபடி இயக்க வேண்டும். பலர் இதை மறந்து, பல மாதம் புதுப்பிப்பே இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

இதைவிட ஆழமான ஆபத்து ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை இயல்பாக ஓஎஸ்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியிடமிருந்து எடுக்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதியைப் பெரிய அளவில் மாற்றியது. டெபியன் 10-க்கும் ரெட்ஹேட் 8-க்கும் ஏறியவர்களின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்கள்) பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன, தேடலோ புது வரிசையில் நடந்தது. இருக்கும் வரியை 'இல்லை' என்று சொல்லும், தனித்தன்மை உள்ள நெடுவரிசையில் ஒரே பெயர் இரண்டு முறை பதிவாகும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. போஸ்ட்கிரெஸ் அதே எண், அதே ரெப்போ, மாறியது அடியில் இருக்கும் ஓஎஸ் மட்டும். ஆகவே ஓஎஸ் மேம்பாட்டுக்குப் பிறகு டெக்ஸ்ட் நெடுவரிசை இண்டெக்ஸ்களுக்கு 'ரீஇண்டெக்ஸ்' கொடுப்பதை வழக்கமாக்குங்கள்.

ஆதரவு முடிந்த டிஸ்ட்ரோவில் இன்னும் இருக்கிறீர்கள் என்றால், ஒரு நாள் பிஜிடிஜி 404 தரும். பழையவற்றை அவர்கள் தனி ஆவண ரெப்போவுக்கு நகர்த்திவிடுகிறார்கள். முகவரியில் 'ஏபிடி' என்ற இடத்தில் 'ஏபிடி-ஆர்க்கைவ்' என்று மாற்றினால் அங்கிருந்து எடுக்கலாம். அங்கே புதுத் திருத்தங்கள் வராது, இடம்பெயரும் வரை தாங்குவதற்கு மட்டும்.

வெளியேறும் வழி

ரெப்போவை நீக்குவது, சேர்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை. முதலில் டம்ப், எப்போதும். 17 எழுதிய தரவு அடைவை 15 திறக்காது. 17-இலிருந்து எடுத்த டம்பை 15-இல் ஏற்றும்போதும் சில கட்டளைகள் புரியாமல் முறிக்கலாம், அதனால் வேறொரு கணினியில் ஒரு முறை ஏற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேக்கேஜை எடுக்கும்போது 'ரிமூவ்' என்றால் தரவு இருக்கும். 'பர்ஜ்' என்றால் டெபியன் குடும்பத்தில் தரவு அடைவுகளையும் அழிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். ஸ்கிரிப்டில் ஊடாடாத முறையில் ஓட்டினால் அந்தக் கேள்வி உங்கள் கண்ணுக்கே வராது, எனவே பர்ஜை ஸ்கிரிப்டில் எழுதவே வேண்டாம்.

அப்புறம் ரெப்போ கோப்பையும் கீரிங்ஸ் அடைவில் உள்ள சாவியையும் பிரிஃபரன்சஸ் கோப்பையும் அழித்து, 'ஏபிடி அப்டேட்' கொடுத்து, 'ஏபிடி லிஸ்ட்' கட்டளையில் கேள்விக்குறியோடு 'அப்சொலீட்' என்று கேளுங்கள். எந்த ரெப்போவிலும் இப்போது இல்லாத, ஆனால் உங்கள் கணினியில் இன்னும் தங்கியிருக்கும் பேக்கேஜ்கள் வரிசையாக வரும். வெளி ரெப்போவிலிருந்து வந்த லிப்பிக்யூ5 அந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் அதே பெயரில் டிஸ்ட்ரோவிலும் ஒரு பேக்கேஜ் இருக்கிறது; 'ஏபிடி பாலிசி' அடித்து அதைத் தனியாகப் பாருங்கள். அதைப் பதிப்பு எண் கொடுத்து டிஸ்ட்ரோவின் பதிப்புக்கு இறக்கி நிறுவுங்கள்.